கர்ஹுகுரு குடிசையில் கடைசியாக வந்தவன்

ஹெல்சிங்கிக்கு வெகு வடக்கே, சல்மிவாரா ஊரில் ஏப்ரல் கடைசி வந்துவிட்டால் யாரும் எங்கும் போகமாட்டார்கள். பனி ஆளைத் தாங்காது, விலகி வழியும் விடாது. ஆற்றின்மேல் நடக்கலாம் என்றால் உறைந்த நீர் விரிசல் விட்டிருக்கும். படகை இறக்கலாம் என்றால் அதே உறைநீர் அசைய மறுக்கும். குளிர்காலம் வீட்டைக் காலி செய்யாமலும், வசந்தம் சாமான்களை இறக்க முடியாமலும் வாசலில் நின்று மல்லுக்கட்டுகிற பருவம் அது. ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து வலை பின்னுவார்கள், காபி குடிப்பார்கள், பெண்டாட்டியோடு பழைய சண்டைகளைப் புதுப்பிப்பார்கள். இந்த நேரத்தில் காட்டுக்குள் போகிறவன் ஒன்று பைத்தியமாக இருக்கவேண்டும், அல்லது தெற்கத்திக்காரனாக இருக்கவேண்டும் என்பது அங்கே பொதுவான அபிப்பிராயம்.

தபால் வண்டி ஓட்டும் ஆர்வோ பைத்தியமும் இல்லை, தெற்கத்திக்காரனும் இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மூட்டையைக் கட்டி, சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டி, கடையில் மீன் விற்கும் ஹில்க்காவைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் கிளம்பினான். ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஊரே பார்த்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லவேண்டி வரும், அந்தக் கஷ்டத்தை ஒரு மனுஷனுக்குக் கொடுக்கலாமா?

ஆர்வோவுக்கு ஐம்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் வாயே இல்லாமல் பிழைத்தவன். புதன்கிழமைதோறும் கடைக்குப் போய் ஹில்க்காவிடம் அரைக் கிலோ ஏரிமீன் வாங்குவான். "முள் எடுக்கணுமா?" என்பாள். "எடு" என்பான். "குளிரு" என்பாள். "ஆமா" என்பான். இந்த உரையாடலின் ருசி அவனுக்கு அடுத்த புதன்வரை நாக்கில் இருக்கும். மீனின் ருசிதான் அவனுக்குத் தெரியாது. சிறுவயதில் தொண்டையில் முள் சிக்கியதிலிருந்து அவன் மீன் தொடுவதில்லை. அவ்வளவு மீனையும் தின்றது அவன் நாய் மூஸ்தி. தின்று தின்று அது தபால் வண்டியில் தானாக ஏற முடியாத நிலைக்கு வந்துவிட்டது. கட்டிக்கொள்கிறாயா என்று எப்போது கேட்டாலும் இருக்கிற பெண்தானே, இன்னொரு புதன்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று வருஷங்களை ஓட்டிவிட்டான்.

போன புதன்கிழமை அவள் மீனைச் சுத்தம் செய்துகொண்டே சொன்னாள்: "அக்கா டுர்க்குவுக்கு வந்துடுங்கறா. அவ வீட்டுப் பக்கத்துல ஒரு செருப்புக் கடையில வேல இருக்காம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபோன் பண்ணுவா. வரேனா இல்லையான்னு சொல்லணும்."

டுர்க்கு என்றால் நாட்டின் மறுகோடி. ஆர்வோ "ஓ" என்றான். அந்த "ஓ"வுக்குள் ஒரு மனிதன் கிணற்றில் விழுந்த சத்தம் இருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

"போறதுக்கு முன்னாடி அந்தக் கர்ஹுகுரு குடிசைய ஒருதரம் பாக்கணும். சின்ன வயசுல பாத்தது" என்று அவள் மீனைக் காகிதத்தில் சுற்றினாள். வானிலையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"வெள்ளிக்கிழம போலாம்" என்றான் ஆர்வோ.

காகிதம் சுற்றிய அவள் கை நின்றது. பின்னால் வரிசையில் நின்றவர்களும் மூச்சை நிறுத்தினார்கள். பனி உருகும் பருவத்தில் கர்ஹுகுருவுக்கா? ஆனால் அவள், இந்த மனுஷனுக்கு இப்படிப்பட்ட பருவத்தில் அலைவது பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டு "சரி" என்றாள். அவனோ, இவள் இப்போதே போகவேண்டும் என்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் போகப் பிடிக்கவில்லை. அந்த ஊரில் ஒருவர் சொன்னதை மறுப்பது அடுத்தவர் தட்டில் கைவைப்பதற்குச் சமம். அதனால் இரண்டு பேரும் போனார்கள்.

இரவு உறைபனியில் பனியின் மேல்பகுதி கெட்டிப்பட்டு, சோற்றுப் பானையின் அடிபோலப் பொருக்குத் தட்டியிருந்தது. அந்தப் பொருக்கின்மேல் சறுக்குக் கட்டை வழுக்கிக்கொண்டு பறக்கும். வெயில் ஏறும்வரைதான் அந்தப் பாக்கியம். ஆர்வோவின் மனத்தில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: "ஹில்க்கா, டுர்க்குவுக்குப் போகாத, என் வீட்ல இடம் இருக்கு." இரண்டு நாளாக மூஸ்தியிடம் சொல்லிப் பழகியிருந்தான். மூஸ்தி பாதியிலேயே தூங்கிவிட்டது. அவன் அதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் ஓய்வில் ஒரு காய்ந்த பைன் மரத்தடியில் தீ மூட்டி, கரிபிடித்த கெண்டியில் காபி வைத்தார்கள். சுற்றிலும் சத்தமே இல்லை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆர்வோ தொண்டையைச் செருமினான்.

"ஹில்க்கா."

"என்ன?"

"காபி நல்லாருக்கு."

"அதே காபிதான்" என்றாள் அவள். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கறுப்பு ரொட்டிக்கு நடுவில் உப்பில் ஊறிய ஏரிமீன், இரண்டு விரல் தடிமனுக்கு. "உனக்குன்னு நேத்தே செஞ்சேன். உனக்குத்தான் மீன்னா உசிராச்சே."

ஆர்வோ அதைப் பார்த்தான். மூஸ்தியை நினைத்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடித்து, மெல்லாமல், காபியை ஊற்றி உள்ளே தள்ளினான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அவ்வளவு பிடிச்சிருக்கா?" என்று அவள் இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தாள்.

வெயில் ஏறியது. பொருக்கு இளகியது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். பனிக்குள் எங்கே எவ்வளவு ஆழம் என்று பெரியவர்களுக்கும் தெரியாது. ஒரு சரிவில் ஹில்க்கா சத்தமில்லாமல் இடுப்புவரை உள்ளே போனாள். அடியில் ஓடிய உருகுநீர் அவள் பூட்ஸுக்குள் புகுந்தது. ஆர்வோ சறுக்குக் கட்டைகளைக் கழற்றிக் குறுக்கே போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, அவள் கையைப் பிடித்தான். இரண்டு முகங்களும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்ததில்லை. கேட்டுவிடலாமா என்று நினைத்தான். ஆனால் இடுப்புவரை பனியில் புதைந்திருக்கிறவளிடம், கையையும் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்பது வழிப்பறி மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

"எதாவது சொல்லணுமா?" என்றாள் அவள், அவன் பார்வையைப் பார்த்து.

"இழுக்கட்டுமா?"

"அதுக்குத்தானே படுத்திருக்க."

இழுத்தான். அவள் வந்தாள், இடது பூட்ஸ் வரவில்லை. அதைத் தோண்டி எடுக்க வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஒரு குழி, ஒவ்வொரு குழிக்கும் ஒரு முனகல். கர்ஹுகுரு ஓடையை, அடியில் நீர் உறுமிக்கொண்டிருக்க, மேலே மிச்சமிருந்த பனிப்பாலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். அக்கரையில் குடிசை நின்றது. எலிப்பொறியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு இரும்பு அடுப்பு, ஒரு ஜன்னல், சுவரோடு ஒட்டி ஒரே ஒரு பலகை மேடை. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். மூன்றாவது ஆள் படுத்தால் முறைவைத்துத்தான் மூச்சுவிட முடியும்.

அடுப்பு எரிந்தது. காலுறைகள் கயிற்றில் தொங்கி ஆவிவிட்டன. ஹில்க்கா தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்வோ இன்னும் ஒரு விறகு வைத்தான். ஆரம்பித்தான்.

"ஹில்க்கா, டுர்க்குவுக்கு..."

கதவு திறந்தது. சிவபூஜையில் கரடி நுழைந்தது. கர்ஹுகுரு என்றால் கரடிப் பள்ளத்தாக்கு என்றுதான் அர்த்தம், ஆனால் வந்தது கரடியாக இருந்திருந்தால் ஆர்வோ இவ்வளவு வருத்தப்பட்டிருக்கமாட்டான். உள்ளே வந்தது தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட நனைந்த ஒரு இளைஞன். உடம்பெல்லாம் புத்தம்புதுச் சாமான், இன்னும் விலைச்சீட்டு கழற்றாத ஒரு கோடரி உட்பட.

"ஓடையில விழுந்துட்டேன்" என்றான் மகிழ்ச்சியாக. "அந்தப் பனிப்பாலம் என்னோட சேர்ந்து போயிடுச்சு. இனிமே அந்தப் பக்கம் போக முடியாது. நான் தோபியாஸ், ஹெல்சிங்கியிலேர்ந்து வர்றேன். கம்ப்யூட்டர் வேல. வணக்கம் அக்கா. வணக்கம் பெரியவரே."

அவளுக்கு அக்கா, இவனுக்குப் பெரியவர். அவள் இவனைவிட ஒரு வயது மூத்தவள்.

"நான் சட்டமெல்லாம் படிச்சுட்டுதான் வந்திருக்கேன்" என்று தோபியாஸ் மேடையைப் பார்த்தான்.

வடக்கே காட்டுக்குள் பூட்டில்லாத குடிசைகள் உண்டு. யாரும் நுழையலாம், யாரும் தங்கலாம். சட்டம் ஒன்றுதான்: கடைசியாக வந்தவருக்கே முதல் உரிமை. முன்னால் வந்தவன் காய்ந்து, தின்று, தூங்கியிருப்பான். பின்னால் வருகிறவன் நனைந்து நடுங்கி வருவான். ஆகவே இடம் பற்றாவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியவன் முன்னால் வந்தவன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று நம் பக்கம் திட்டுவோம். இங்கே அதைச் சட்டமாகவே வைத்து, அதில் பெருமையும் படுகிறார்கள். ஆர்வோ அந்தச் சட்டத்தை மீறியதில்லை. அவன் அப்பாவும் மீறியதில்லை. நடுங்குகிறவனை அடுப்புக்கு எதிரே படுக்கவைத்தான். அடுப்புக்கு எதிரே என்றால் மேடையின் நடுவில். ஆர்வோவுக்கும் ஹில்க்காவுக்கும் நடுவில்.

அன்று மிச்ச நேரம் முழுதும் தோபியாஸ் பேசினான். தூக்கத்திலும் பேசினான்.

சனிக்கிழமை காலையில் மழை. நேற்றுவரை பனிக்கடியில், கட்டிப்போட்ட மாட்டைப்போல உறுமிக்கொண்டிருந்த ஓடை, இப்போது பனிக்கட்டிகளை முட்டிமோதிக் கத்திக்கொண்டு ஓடியது. உறைபனி மறுபடி விழுந்து வெள்ளம் தணிந்தால்தான் கடக்க முடியும். மூன்று பேரும் அடைபட்டார்கள். ஹில்க்கா உருளைக்கிழங்கு உரித்தாள். தோபியாஸ் தன் சம்பளம், தன் முதுகுவலி, தான் ஏன் பால் குடிப்பதில்லை என்பதையெல்லாம் விளக்கிவிட்டு, திடீரென்று கேட்டான்: "ஆமா, நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?"

"இல்ல" என்றான் ஆர்வோ.

"இல்ல" என்றாள் ஹில்க்கா. ஒரு நொடி தாமதமாகச் சொன்னாள், ஆனால் சத்தமாகச் சொன்னாள்.

அந்தச் சத்தம் ஆர்வோவின் நெஞ்சில் போய்த் தைத்தது. சரி, அவள் மனம் டுர்க்குவில்தான் இருக்கிறது என்று நினைத்தான். ஆனாலும் கேட்காமல் விட்டால் சாகும்வரை மூஸ்தியின் முகத்தில் விழிக்க முடியாது. நாளைச் சாயங்காலம் ஃபோன் வந்துவிடும். இந்தப் பையன் ஒழிந்தால்தான் கேட்க முடியும். எப்படி ஒழிப்பது? உட்கார்ந்து யோசித்தான். மத்தியானம் அவனுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது.

எழுந்து மேலங்கியை மாட்டினான், மூட்டையைத் தூக்கினான், ஒன்றும் சொல்லாமல் வெளியே போனான். குடிசைக்குப் பின்னாலிருந்த குன்றைச் சுற்றி, தொடையளவு ஈரப்பனியில் புதைந்து புதைந்து நடந்து, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான். பூட்ஸைத் தட்டிக் கதவைத் திறந்தான்.

"நான் இப்பத்தான் வந்தேன்" என்றான்.

ஹில்க்கா கத்தியை நிறுத்தினாள். "எங்கேர்ந்து?"

"வெளியேர்ந்து."

தோபியாஸ் புருவத்தைச் சுருக்கினான். பிறகு முகம் மலர்ந்தது. "அட, ஆமா. சட்டப்படி இப்ப கடைசியா வந்தது நீங்க. இடம் ரெண்டு பேருக்குத்தான் இருக்கு. ஒருத்தர் வெளிய போகணும்."

"ஆமா" என்றான் ஆர்வோ. வெற்றி இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

"முன்னாடி வந்தவங்கதான் போகணும். எங்க ரெண்டு பேர்ல முன்னாடி வந்தது அக்கா. அப்ப அக்காதான் போகணும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு இப்போது அடுப்புக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அவனைப் பார்த்தது. ஹில்க்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னைய வெளிய அனுப்பத்தான் இந்த மழையில குன்றச் சுத்துனியா ஆர்வோ?"

"இல்ல" என்றான்.

"அக்காவ எப்படி மழையில அனுப்புறது?" என்று தோபியாஸ் எழுந்தான். "அவங்களுக்காக நான் போறேன். எனக்கு ஒண்ணுமில்ல பெரியவரே, நீங்க குளிர் காயுங்க."

ஆக அவன் வீரனாகிக் கிளம்பிப் போனான், இவன் வில்லனாகி உட்கார்ந்திருந்தான். இந்த நிலையில் எந்த மடையன் கல்யாணப் பேச்சை எடுப்பான்? ஹில்க்கா உருளைக்கிழங்கை, அது ஏதோ பாவம் செய்ததுபோல நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆர்வோ வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

"நானும் குன்றச் சுத்திட்டு வந்துட்டேன்" என்றான் தோபியாஸ், மூச்சிரைக்க, பல்லெல்லாம் தெரிய. "இப்ப நான்தான் கடைசி."

சட்டம் சட்டம்தான். ஆர்வோ எழுந்து வெளியே போனான், குன்றைச் சுற்றினான், வந்தான். தோபியாஸ் போனான், சுற்றினான், வந்தான். தெற்கத்திக்காரனுக்குக் கோபமே இல்லை. இது வடக்கத்தியாரின் ஏதோ பழைய விளையாட்டு, தன்னையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தோஷமாக இருந்தான். குன்றைச் சுற்றி ஒரு நல்ல பாதையே விழுந்துவிட்டது. அவசரத்தில் ஒருவன் திரும்புமுன்பே மற்றவன் கிளம்பிவிட, வழியில் எதிரும்புதிருமாகச் சந்தித்துக்கொண்டபோது ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொண்டார்கள்.

ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்துவிட்டார்கள். யார் கடைசி என்ற தகராறில், "நீங்க முதல்ல போங்க", "நீ போ" என்று வாசலிலேயே நின்றார்கள். முதலில் நுழைகிறவன் தோற்றவன் ஆயிற்றே.

உள்ளேயிருந்து ஹில்க்கா சொன்னாள்: "ரெண்டு பேரும் வந்து தொலைங்க. சூடு போகுது."

இருவரும் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஹில்க்கா எழுந்தாள். கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். பூட்ஸை நிதானமாக மாட்டினாள், தலையில் துண்டைக் கட்டினாள், வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு உடனே திறந்தது.

"நான் இப்பத்தான் வந்தேன்" என்றாள். "ரொம்பக் களைப்பா இருக்கேன். எனக்கு இந்த மேடை முழுசா வேணும். ரெண்டு பேரும் வெளிய."

அந்தச் சட்டத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

குடிசையோடு ஒட்டி ஒரு விறகுக் கொட்டகை இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒற்றைப் பலகைச் சுவர், பலகைக்குப் பலகை விரல் நுழையும் இடைவெளி. இருவரும் விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தார்கள். கூரையிலிருந்து சொட்டுச்சொட்டாக ஆர்வோவின் கழுத்துக்குள் விழுந்தது. இடம் மாறி உட்காரலாம். ஆனால் தனக்கு இது வேண்டியதுதான் என்று அப்படியே இருந்தான்.

"பெரியவரே" என்றான் தோபியாஸ். "ஒண்ணு கேக்கலாமா? இந்த விளையாட்டுல யாரு ஜெயிப்பாங்க?"

"இது விளையாட்டு இல்ல."

"பின்ன?"

முன்பின் தெரியாத ஒருவனிடம், அதுவும் மறுபடி பார்க்கப்போகாத ஒருவனிடம், மனத்தைத் திறப்பது ஆர்வோவுக்குச் சுலபமாக இருந்தது. "அவகிட்ட ஒண்ணு கேக்கணும். நீ இருக்கும்போது கேக்க முடியல."

தோபியாஸ் அவனைப் பார்த்தான். "இத சொல்லியிருக்கலாமே? 'தம்பி, கொஞ்ச நேரம் வெளிய இரு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நேத்தே இங்க வந்து உக்காந்திருப்பேனே."

ஆர்வோ இதை யோசித்துப் பார்த்தான். உண்மைதான். மத்தியானத்திலிருந்து குன்றைச் சுற்றிச் சுற்றி வந்தும், இந்த யோசனை அவன் பாதையில் எதிர்ப்படவே இல்லை.

"என்ன கேக்கணும்?" என்றான் தோபியாஸ்.

"டுர்க்குவுக்குப் போகாதன்னு."

"அப்ப அவங்கள உங்களுக்குப் பிடிக்கும்."

ஆர்வோ தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம் என்று சொல்வதற்குப் பதிலாக அவன் வாயில் வேறொன்று வந்தது. "எனக்கு மீன் பிடிக்காது."

"என்னது?"

"மீன் பிடிக்காது. வாசனையே ஆகாது. வருஷக்கணக்கா புதன்கிழமைக்குப் புதன்கிழம அவ கடையில வாங்குறேன். நாய்தான் திங்குது. நேத்து ரெண்டு துண்டு கொண்டுவந்து குடுத்தா. தின்னுட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு நறுக்கும் சத்தம் நின்றது.

ஓடை மட்டும் கத்திக்கொண்டிருந்தது. பிறகு பலகை இடைவெளி வழியாக ஹில்க்காவின் குரல் வந்தது, மிகப் பக்கத்தில். "ஆர்வோ. நீ மீன் திங்க மாட்டியா?"

ஆர்வோ எழுந்து நின்றுவிட்டான். கொட்டகைக் கூரை தலையில் இடித்தது. "மாட்டேன்."

"ஒரு நாளும்?"

"நேத்து தின்னேன்."

"நான் நெனச்சேன்..." என்று அவள் நிறுத்தினாள். குரலில் கோபமா அழுகையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "இந்த ஆளு மீனுக்காகத்தான் வர்றான்னு இத்தன வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நல்ல மீனா பாத்து, பெரிசா பாத்து, செவ்வாக்கிழமையே உனக்குன்னு எடுத்து ஓரமா வெப்பேன். மீன் வாங்கிட்டு நேரா வெளிய போயிடுவியே பாவி."

தோபியாஸ் மெதுவாக எழுந்து, கோடரியை எடுத்துக்கொண்டு, இல்லாத விறகைத் தேடி மழைக்குள் போனான். தெற்கத்திக்காரனிடம் நல்ல குணமும் உண்டு என்பதை ஆர்வோ அன்றுதான் ஒப்புக்கொண்டான்.

ஆர்வோ பலகைச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றான். பலகையைப் பார்த்துப் பேசுவது மனிதர்களைப் பார்த்துப் பேசுவதைவிட எளிது. இரண்டு நாள் மூஸ்தியிடம் சொல்லிப் பழகியது, ஒரு சொல் பிசகாமல் வந்தது. "ஹில்க்கா, டுர்க்குவுக்குப் போகாத. என் வீட்ல இடம் இருக்கு."

அடுப்புக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. விறகு வைக்கிறாள்.

"ரொம்ப லேட்டா வந்திருக்க" என்றது சுவர்.

"தெரியும்."

"எனக்கு முன்னமே ஒரு புருஷன் வந்து, இருந்து, தின்னுட்டு, ஸ்வீடன் பக்கம் வேலைக்குப் போறேன்னு போயி, அங்க இன்னொருத்தி வீட்ல சாப்பாட்டுக்கு உக்காந்துட்டான்."

"தெரியும்."

"இப்ப வந்து கேக்குற."

ஆர்வோ யோசித்தான். வாழ்நாளில் முதல்முறையாக, ஒத்திகை பார்க்காத ஒரு வாக்கியம் தானாக வந்தது. "கடைசியா வந்தவனுக்குத்தானே முதல் உரிமை?"

அந்தப் பக்கம் ஹில்க்கா சிரித்தாள். கடையில் மீன் விற்கும்போது அவள் சிரித்து அவன் கேட்டதே இல்லை. சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு அக்கா ஃபோன் பண்ணுவா இல்ல?"

"ஆமா."

"நீ எடு. எடுத்து நீயே சொல்லு. என் அக்காகிட்ட ஃபோன்ல பேசுறவன் எனக்காக எதுவும் செய்வான்னு நம்பலாம்."

ரௌனி அக்கா பேச ஆரம்பித்தால் கெண்டித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும் என்பது ஊருக்கே தெரியும். ஆர்வோவின் முகம் வெளிறியது. பனிப்பாலம், மீன், மழை எல்லாவற்றையும் தாண்டி வந்தவனுக்கு இப்படி ஒரு ஓடை.

"சரி" என்றான்.

"அப்ப உள்ள வா. நனைஞ்சு சாகாத."

அவன் உள்ளே போய், அடுப்புக்கு எதிரே அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் தலையைத் துண்டால் துடைத்துவிட்டாள், வண்டியைக் கழுவுகிற மாதிரி அழுத்தி. வாழ்க்கையில் இதைவிட நல்ல நேரம் அவனுக்கு வாய்த்ததில்லை. கொஞ்ச நேரம்தான் நீடித்தது. கதவு தட்டப்பட்டது. தோபியாஸ் ஈரத்தில் நீலம்பாரித்து நின்றான்.

"மன்னிக்கணும்" என்றான், பல் கிடுகிடுக்க. "நான் இப்பத்தான் வந்தேன்."

சட்டம் சட்டம்தான். அன்றும் அவன்தான் நடுவில் படுத்தான்.

இரவில் உறைபனி விழுந்தது. ஞாயிறு விடியற்காலையில் ஓடை இளைத்திருந்தது. மேல்பக்கம் ஒரு குறுகலில் மூன்று பேரும் கைகோத்துக் கடந்தார்கள். கிளம்புமுன் ஆர்வோ அடுத்து வருகிறவனுக்காக விறகு பிளந்து அடுக்கினான், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. தோபியாஸ் சாலைக்கு வந்ததும் இருவரையும் கட்டிப்பிடித்தான். கட்டிப்பிடித்துப் பழக்கமில்லாத இருவரும் வேலிக் கம்பம்போல நின்று பொறுத்துக்கொண்டார்கள். "வரட்டுமா அக்கா? வரட்டுமா மாமா?" என்றுவிட்டுப் போனான். பெரியவரிலிருந்து மாமாவாக ஆனதில் ஆர்வோவுக்கு ஒரு திருப்தி.

சாயங்காலம் ஹில்க்காவின் சமையலறையில் மேஜைமேல் கைபேசி கிடந்தது. ஆர்வோ சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தான். மேஜைக்கு அடியில் மூஸ்தி. ஹில்க்கா அடுப்பில் கறி வதக்கிக்கொண்டிருந்தாள். மீன் இல்லை. கலைமான் கறி.

மணி அடித்தது. ஹில்க்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஆர்வோ எடுத்தான்.

"ஹில்க்கா, ஏண்டி ரெண்டு நாளா எடுக்கல, செத்துகித்துத் தொலஞ்சியோன்னு பயந்துட்டேன், கேளு, அந்தச் செருப்புக் கடைக்காரர் மே மாசம் மொத வாரமே வரச் சொல்றாரு, பின்பக்க ரூமுக்குத் திரைகூடத் தைச்சுட்டேன், பச்சைக் கலர்ல, உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும், ஆனா துணி மலிவாக் கெடச்சுது, சொல்லு, எப்ப வர்ற?"

அவள் மூச்சு வாங்கும் இடைவெளிக்காக ஆர்வோ பொறுமையாகக் காத்திருந்தான். அது வந்தது.

"அவ வரல" என்றான்.

டுர்க்கு ஸ்தம்பித்தது. ரௌனி அக்கா பேச்சற்றுப்போனது அவள் வாழ்க்கையில் முதல்முறையாக இருக்கவேண்டும். கறி வதங்கும் சத்தமும் நின்றுவிட்டது. ஹில்க்கா கரண்டியோடு திரும்பி நின்றாள்.

"யாரு பேசறது?" என்றாள் ரௌனி அக்கா கடைசியில்.

ஆர்வோ ஹில்க்காவைப் பார்த்தான்.

"கடைசியா வந்தவன்" என்றான்.